கூரையில் முட்டும் ரப்பர் விமானம்: மரத்தை மாற்றுவதா, ரப்பரை மாற்றுவதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. முனைக்கு முனை 46 செ.மீ இறக்கையோடு, 3 கிராம் எடையில், முறுக்கிய ரப்பரால் ப்ரொபெல்லர் சுழலும் ஓர் உள்ளரங்க மாதிரி விமானம் கட்டியிருக்கிறீர்கள். அதில் 3 மி.மீ அகல ரப்பர், மொத்தம் 1.5 கிராம். 8 மீட்டர் உயரக் கூரை உள்ள அரங்கில் விடுகிறீர்கள். முதல் நிமிடத்திலேயே கூரையில் போய் முட்டுகிறது. இரண்டரை நிமிடத்தில் ரப்பர் முழுவதும் அவிழ்ந்து தரைக்கு வந்துவிடுகிறது. இதே வகை விமானத்தைச் சிலர் பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, இன்னும் லேசான மரம் வாங்குவதா, இன்னும் பலமான ரப்பர் போடுவதா என்று கேட்கிறீர்கள். மரம், ரப்பர் என்று கேட்டாலும், உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது மீதி ஏழெட்டு நிமிடம் எங்கே போகிறது என்பதுதான். அதற்கு என்னால் ஓரளவு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். பல வருடங்களாக இந்த வகை விமானங்களைக் கட்டி, தாழ்ந்த கூரையிலும் நடுத்தர உயரக் கூரையிலும் போட்டிகளில் விட்டிருக்கிறேன். முதல் இரண்டு வருடம் நானும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நின்றேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நல்ல ரப்பரை முழுவதும் முறுக்கினால் ஒரு கிராமுக்குச் சுமார் 10 ஜூல் ஆற்றல் தேங்கும். உங்களிடம் இருப்பது 1.5 கிராம், அதாவது 15 ஜூல். விமானமும் ரப்பரும் சேர்ந்து 4.5 கிராம். அதைக் கையிலிருந்து கூரை வரை, ஆறரை மீட்டர் தூக்க எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். 0.3 ஜூல்கூட ஆகாது. ஆக, மேலே ஏறுவதற்கு மட்டும் செலவாவது நூற்றில் இரண்டு பங்குதான். மீதி அத்தனையும் காற்றின் இழுவையைச் சமாளித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்பதற்காக. இந்த அளவு விமானம் ஏறாமல் இறங்காமல் மட்டமாகப் பறக்க எவ்வளவு திறன் வேண்டும் என்று தோராயமாகப் போட்டால், ப்ரொபெல்லரில் வீணாவதையும் சேர்த்து, ஒரு வாட்டில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வரும். 15 ஜூலை அந்த வேகத்தில் செலவழித்தால் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். நீங்கள் பார்த்த பத்து நிமிடத்தில் எந்த மாயமும் இல்லை. உங்களிடம் இருக்கும் அதே ரப்பர், அதே எடை, அதே கணக்கு. ரப்பரின் தரம், ப்ரொபெல்லரின் தரம் எல்லாம் சேர்ந்து இந்த எண்ணை இருபது முப்பது சதவீதம் அங்கே இங்கே தள்ளலாம். இரண்டரை நிமிடத்துக்குத் தள்ளாது.

அப்படியானால் உங்கள் விமானத்தில் நடப்பது என்ன? 15 ஜூலை நீங்கள் ஏற்றியே இருக்க மாட்டீர்கள் என்பது என் கணிப்பு. 3 மி.மீ ரப்பர் இந்த விமானத்துக்கு மிகத் தடிமன். பாதி முறுக்கிலேயே விமானத்தைக் கூரைக்கு அனுப்பும் பலம் அதற்கு இருக்கிறது. 'இதுக்கு மேல முறுக்கினா கூரையில அடிச்சு உடைஞ்சிடும்' என்று உங்கள் கை தானாக நின்றுவிடும். பாதி முறுக்கிய ரப்பரில் பாதி ஆற்றல்கூட இருக்காது, ஏனென்றால் முறுக்கு ஏற ஏற ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட அதிகம் சேமிக்கிறது. உள்ளே போனதே கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் தேவைக்கு மேல் வேகமாக வெளியே வருகிறது. இந்த நிலையில் லேசான மரம் வாங்கினால் விமானம் இன்னும் சீக்கிரம் கூரையைத் தொடும். இன்னும் தடித்த ரப்பர் போட்டால் சொல்லவே வேண்டாம். ஆகவே முதல் பதில், இரண்டுமே வேண்டாம். ரப்பரை மெல்லியதாக்கி நீளமாக்குங்கள்.

எவ்வளவு மெல்லியது? இங்கே நம்பக்கூடிய ஒரு விதி இருக்கிறது. ரப்பரின் குறுக்குவெட்டுப் பரப்பு மாறினால், முறுக்கு விசை அதன் 1.5 அடுக்கில் (1.5 என்ற அடுக்குக்குறியில்) மாறும். எடையை மாற்றாமல் நீளத்தைக் கூட்டினால், ஏற்றக்கூடிய சுற்றுகளின் எண்ணிக்கை நீளத்தின் 1.5 அடுக்கில் கூடும். உங்கள் ரப்பரை 3 மி.மீ-யிலிருந்து 2 மி.மீ-க்கு இறக்கினால், முறுக்கு விசை பாதிக்குச் சற்று மேலே நிற்கும், சுற்றுகள் ஏறக்குறைய 1.8 மடங்காகும். எடை அதே 1.5 கிராம். இரண்டாக மடித்துக் கட்டிய வளையம் 24 செ.மீ சுமாருக்கு இருந்திருக்கும், இப்போது 36, 37 செ.மீ ஆகும். கொக்கிகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட நீளமாகத் தொங்குகிறதே என்று பயப்படாதீர்கள். முறுக்கியதும் அது முடிச்சு முடிச்சாகச் சுருண்டு இடத்தில் உட்காரும். 2 மி.மீ-தான் உங்களுக்குச் சரியான அளவு என்று நான் சொல்லவில்லை. அது தொடங்கும் இடம். அங்கிருந்து 1.8, 1.6 என்று இறங்கிப் பாருங்கள். எங்கோ ஓரிடத்தில் விமானம் கூரைக்குப் போகவே மறுக்கும். அதற்கு ஒரு படி மேலே உள்ள அளவுதான் உங்கள் அரங்குக்கு உரியது. அகலத்தை ஸ்கேலால் அளக்க வேண்டாம். ஒரே உருளையிலிருந்து வரும் ரப்பரிலும் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். ஒரு குறிப்பிட்ட நீளத்தை வெட்டி, மில்லிகிராம் காட்டும் தராசில் நிறுத்து, 'ஒரு செ.மீ-க்கு இத்தனை மில்லிகிராம்' என்று எழுதி வையுங்கள். போட்டிக்காரர்கள் பேசிக்கொள்ளும் கணக்கும் இதுதான்.

சரி, மெல்லிய ரப்பர் வந்துவிட்டது. அதை முழுவதும் முறுக்க வேண்டும், இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். விமானத்தில் மாட்டிய நிலையில் ப்ரொபெல்லரை விரலால் சுற்றி எவராலும் முழு முறுக்கு ஏற்ற முடியாது. ஒரு முனையை அசையாத கொக்கியில் மாட்டுங்கள். மறு முனையைப் பல்சக்கர வைண்டரில் மாட்டி, ஒரு கைச்சுற்றுக்குப் பத்து, பதினைந்து சுற்று ஏறும்படி முறுக்குங்கள். முறுக்கும் முன் ரப்பருக்கு சிலிக்கான் எண்ணெய் போன்ற மசகு தடவ வேண்டும். பெட்ரோலிய எண்ணெய் எதுவும் படக்கூடாது, அது ரப்பரைக் கெடுக்கும். அப்புறம் ரப்பரை அதன் நீளத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுத்துப் பிடித்து, இழுத்த நிலையிலேயே பாதிக்கு மேல் சுற்றுகளை ஏற்றிவிட்டு, மீதியை ஏற்றிக்கொண்டே மெதுவாக முன்னால் நடந்து வர வேண்டும். அசையாத முனையில் முறுக்கு விசைமானி ஒன்று இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று, அதன் நுனியில் ஒரு முள், பின்னால் ஒரு அளவு வட்டம், அவ்வளவுதான் அந்தக் கருவி, வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

ஒரே உருளையிலிருந்து மூன்று வளையங்கள் கட்டி, வேண்டுமென்றே அறும் வரை முறுக்குங்கள். எத்தனையாவது சுற்றில் அறுகிறது, அப்போது முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு அதில் 85 முதல் 90 சதவீதம் வரை போகலாம், போட்டியில் இன்னும் மேலே. அறுக்கும்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். முழு முறுக்கில் அறுபட்ட ரப்பர் முகத்தில் அடித்தால் வலி கொஞ்சநஞ்சமாக இருக்காது. விமானத்திலேயே மாட்டி முறுக்குவது எவ்வளவு தவறு என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து கட்டிய விமானத்தில் ரப்பரைத் தாங்கும் மோட்டார் குச்சி, அறுந்த ரப்பரின் ஒரே அடியில் நாலு துண்டானது. அன்றிலிருந்து வெளியே முறுக்கி, இரண்டு முனையிலும் சின்ன ரப்பர் வளையம் போட்டு, பிடித்தபடியே விமானத்துக்கு மாற்றுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இப்போது இந்த விளையாட்டின் உயிர்நாடியான விஷயத்துக்கு வருகிறேன். முழு முறுக்கில் இருக்கும் ரப்பர் தன் விசையைச் சீராகக் கொடுக்காது. முதல் சில சுற்றுகளில் விசை மிக அதிகமாக இருந்து சட்டென்று விழும். பிறகு நீண்ட, மெல்லச் சரியும் ஒரு சமவெளி. கடைசியில் மறுபடியும் ஒரு சரிவு. கூரைக்கு விமானத்தை எறிவது அந்த முதல் உச்சிதான். தாழ்ந்த கூரையில் அந்த உச்சியால் பயனே இல்லை. அதனால் அனுபவம் உள்ளவர்கள் முழுக்க முறுக்குவார்கள், விடுவதற்கு முன் ஐம்பதோ நூறோ சுற்றைத் திருப்பி அவிழ்த்துவிடுவார்கள். பார்ப்பவருக்கு இது வீண் வேலையாகத் தெரியும். ஆனால் முழுக்க ஏற்றிவிட்டு அவிழ்த்த ரப்பரும், அந்த அளவோடு நிறுத்திய ரப்பரும் ஒன்றல்ல. முழுக்க ஏற்றி இறக்கியதில், அதே விசையில் மிச்சம் இருக்கும் சுற்றுகள் அதிகம். எண்களை எழுதி வைத்துப் பார்த்தால் ஒரே நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும். 'விடும்போது விசைமானியில் இந்த எண்' என்று ஒன்றைப் பிடித்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் விமானம் அதே உயரத்துக்குப் போகும். சுற்று எண்ணிக்கையை மட்டும் நம்பினால் போகாது, ஏனென்றால் ரப்பர் வெப்பத்துக்கும் வயதுக்கும் மாறும். விசைமானியின் முள் அந்த மாற்றத்தையும் சேர்த்தே காட்டும்.

அடுத்தது ப்ரொபெல்லர். ஒரே விசைக்கு அது எவ்வளவு மெதுவாகச் சுழல்கிறதோ அவ்வளவு நேரம் சுற்றுகள் நீடிக்கும். பிட்சைக் கூட்டினால், அதாவது இலைகளை அவை சுழலும் தளத்திலிருந்து இன்னும் அதிகக் கோணத்தில் திருப்பினால், சுழற்சி மெதுவாகும், ஏற்றமும் குறையும். ஓரளவுக்கு மேல் கூட்டினால் இலை காற்றை வெட்டாமல் உழத் தொடங்கும், ஆற்றல் வீணாகும். உங்களுடைய பிட்ச் என்ன என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் எண் சொல்ல மாட்டேன். பறப்பின் முடிவை வைத்துச் சொல்கிறேன். கூரையைத் தொட்டும் தொடாமல் போய்வந்து, தரையிறங்கும்போது ரப்பரில் நிறையச் சுற்று மிச்சம் இருந்தால், பிட்ச் அதிகம் அல்லது ரப்பர் மெல்லிசு. உயரம் சரியாக வந்து, அந்தரத்தில் இருக்கும்போதே ரப்பர் முழுக்க அவிழ்ந்து போனால், பிட்ச் குறைவு அல்லது ரப்பர் தடிமன். சில சுற்றுகள் மட்டும் மிஞ்ச, ப்ரொபெல்லர் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே விமானம் தரையைத் தொட்டால், பொருத்தம் அமைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரப்பரையும் பிட்சையும் ஒரே நாளில் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

உலகப் போட்டி வகுப்பான எஃப்1டி விமானங்களில், விசை அதிகமாக இருக்கும்போது பிட்ச் தானாகக் கூடி, விசை குறைந்ததும் தானாக இறங்கும் சின்னஞ்சிறு அமைப்பு ஒன்றை ப்ரொபெல்லரின் நடுவிலேயே வைக்கிறார்கள். அந்த முதல் உச்சியை அவிழ்த்து எறியாமல் மெதுவான சுழற்சியாக மாற்றிக்கொள்ளும் வழி அது. அந்த அமைப்பைச் சேர்த்தும் விமானத்தின் எடை ஒன்றரை கிராமுக்குள் அடங்குகிறது. முதல் முறை ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு நெடுநேரம் பேச்சே வரவில்லை.

இனி நீங்கள் முதலில் கேட்ட எடை. எடை முக்கியம்தான், மறுக்கவில்லை. மட்டமாகப் பறக்கத் தேவையான திறன் மொத்த எடையின் 1.5 அடுக்கில் ஏறும். எடை நூற்றுக்குப் பத்து கூடினால் திறன் பதினைந்து கூடும். ஆனால் உங்கள் விமானத்தின் அளவுகளைப் பார்த்தால் எஃப்1எம் வகுப்புக்காகக் கட்டியது போலிருக்கிறது. அந்த வகுப்பில் இறக்கை 46 செ.மீ-க்கு மேல் போகக்கூடாது, ரப்பர் இல்லாமல் விமானம் 3 கிராமுக்குக் குறையக்கூடாது, ரப்பர் 1.5 கிராமைத் தாண்டக்கூடாது. நீங்கள் ஏற்கெனவே கீழ் எல்லையில் நிற்கிறீர்கள். இனி குறைத்தால் அந்த அளவு எடையைத் திரும்பச் சேர்க்க வேண்டியதுதான். ஆகவே மரத்தில் மிச்சம் பிடிக்கும் எடையை எங்கே திரும்பப் போடுவது என்பதுதான் சரியான கேள்வி. மோட்டார் குச்சியில் போடுங்கள் என்பேன். முழு முறுக்கில் ரப்பர் குச்சியை வில்லாக வளைக்கும், முறுக்கவும் செய்யும். குச்சி வளைந்தால் இறக்கைக்கும் வாலுக்கும் உள்ள கோணம் மாறும், விமானம் பறக்கும் பாங்கே ஒவ்வொரு நிமிடமும் மாறிக்கொண்டிருக்கும். இறக்கையின் நுனிகளிலும் வாலிலும் இலேசான பால்சா மரம், குச்சிக்கு விறைப்பான பால்சா. பால்சாவில் ஒரு கன மீட்டருக்கு 70 கிலோவும் கிடைக்கும், 150-க்கு மேலும் கிடைக்கும். ஒரே கட்டில் இருக்கும் இரண்டு பலகைகள்கூட ஒன்றாக இருக்காது. எல்லாவற்றையும் நிறுத்து, விரலால் வளைத்துப் பார்த்து, எது எதற்கு என்று பிரித்து வைப்பது இந்தக் கலையில் பாதி.

எடையில் மனிதர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தால் எஃப்1டி-யைப் பாருங்கள். இறக்கை 55 செ.மீ, விமானம் குறைந்தது 1.4 கிராம், ரப்பர் அதிகபட்சம் 0.4 கிராம். அந்த 0.4 கிராமில் இருப்பது 4 ஜூல்தான், ஆனால் இருபது நிமிடத்தைத் தாண்டிப் பறக்கிறது. மோட்டார் குச்சி என்பது அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய பால்சாவை ஈரமாக்கி, ஒரு கம்பியின்மேல் சுருட்டிச் செய்த குழல். இறக்கையை மூடும் ஃபிலிம் ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது, சோப்புக் குமிழி போல வண்ணம் காட்டும். முன்பெல்லாம் நைட்ரோசெல்லுலோஸ் கரைசலைத் தண்ணீர்மேல் ஊற்றிப் படலமாகப் பரவவிட்டு, சட்டத்தால் மெல்லத் தூக்கி எடுப்பார்கள். இப்போது பெரும்பாலும் பாலியெஸ்டர் ஃபிலிம்தான். இறக்கை 65 செ.மீ வரை போகலாம், எடை 1 கிராம் வரை குறையலாம் என்று அனுமதித்த பழைய விதிகளின் காலத்தில், 1997-இல், அமெரிக்காவின் ஸ்டீவ் பிரவுன் கலிஃபோர்னியாவின் டஸ்டினில் இருந்த வான்கப்பல் கொட்டகையில் 63 நிமிடம் 54 வினாடி நிறுத்திக் காட்டினார். முறுக்கிய ரப்பரால் ஓடும் மாதிரி விமானத்தை 1871-இல் பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ பறக்கவிட்டபோது அது 11 வினாடி நின்றது. அந்த 11 வினாடிக்கும் இந்த 63 நிமிடத்துக்கும் இடையில் ரப்பரை முறுக்குவது என்ற அடிப்படை மாறவே இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சரிசெய்வதைப் பற்றிக் கொஞ்சம். இந்த விமானங்கள் இடப்பக்கம் வட்டமிட்டுப் பறக்கும்படி அமைக்கப்படுகின்றன, ஏனென்றால் ப்ரொபெல்லரின் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் சாய்க்கிறது. அந்தச் சாய்வோடு சண்டை போடாமல் அதையே திருப்பமாக்கிக்கொள்வது எளிது. ஆனால் விசை அதிகமான முதல் நிமிடத்தில் இடது இறக்கை மேலும் மேலும் சாய்ந்து விமானம் சுருண்டு விழலாம். அதைத் தடுக்க இடது இறக்கையைச் சற்று நீளமாக வைப்பார்கள், அதன் முன்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் சுமார் தூக்கி முறுக்குவார்கள். வாலின் கிடைத்தளத்தையும் கொஞ்சம் சாய்த்து வைப்பதுண்டு. இறக்கையைக் குச்சியின்மேல் தாங்கும் கால்கள் சின்னக் காகிதக் குழல்களில் ஏறி இறங்கும்படி இருந்தால், கோணத்தை அரை மில்லிமீட்டர் கணக்கில் மாற்றிப் பார்க்கலாம். மூக்கு மெல்லத் தூக்கித் தூக்கி விழுந்தால் முன்காலைக் கொஞ்சம் இறக்குங்கள். தலையாட்டல் நின்றதோ இல்லையோ என்ற அந்த விளிம்பில்தான் விமானம் மிக மெதுவாகப் பறக்கும், நேரமும் மிக அதிகமாக வரும். விளிம்புக்கு எவ்வளவு நெருங்கலாம் என்பது அரங்கின் காற்றைப் பொறுத்தது.

காற்று என்றதும் நினைவுக்கு வருவது இந்த விமானங்களின் வேகம். உங்களுடையது வினாடிக்கு ஒரு மீட்டர் சுமார், எஃப்1டி அதில் பாதி. இந்த வேகத்துக்கு, ஒருவர் பக்கத்தில் விறுவிறுவென்று நடந்தாலே அது புயல். வாசல் கதவு திறந்தால் விமானம் சுவருக்குப் போய்விடும். குளிரூட்டியை விடுவதற்கு நெடுநேரம் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். வெயில் கூரையில் ஏறிய பிறகு மேலே வெதுவெதுப்பான காற்று ஓர் அடுக்காக நின்று சுழலும், காலையில் அதிகாலை நேரம்தான் அமைதி. உலகப் போட்டிகள் நடந்த இடங்களைப் பார்த்தால் மனிதர்கள் அமைதியான காற்றைத் தேடி எங்கெல்லாம் போயிருக்கிறார்கள் என்று புரியும். ருமேனியாவின் ஸ்லானிக் உப்புச் சுரங்கத்தில், தரைக்கு 200 மீட்டர் கீழே, கூரை 50 மீட்டருக்கு மேல், வருடம் முழுவதும் 12 டிகிரி. அமெரிக்காவின் இந்தியானாவில் வெஸ்ட் பேடன் ஓட்டலின் பெரிய கவிமாடம். இங்கிலாந்தில் கார்டிங்டனின் வான்கப்பல் கொட்டகை. டஸ்டினில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரத்தால் கட்டிய இரண்டு கொட்டகைகளில் வடக்கே இருந்தது 2023 நவம்பரில் எரிந்து போனது. அந்தச் செய்தியைப் பார்த்த அன்று நானும் என் பறத்தல் நண்பர்களும் ஒருவருக்கொருவர் போன் செய்துகொண்டோம், பேச அதிகம் எதுவும் இல்லை.

தாழ்ந்த கூரையில் பயிற்சி செய்ய, விமானத்தைக் காப்பாற்றவும் கூட, எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி கால் மோட்டார். அதே தடிமன் ரப்பரில் கால் பங்கு மட்டும் எடுங்கள், உங்களுக்கு 0.375 கிராம். மீதி முக்கால் பங்கின் இடத்தில் அதே எடையுள்ள, 1.125 கிராம் குச்சி ஒன்றைப் பின்கொக்கியிலிருந்து மாட்டுங்கள். விமானத்தின் மொத்த எடையும் மாறவில்லை, ரப்பர் கொடுக்கும் விசையும் மாறவில்லை, சுற்றுகள் மட்டும் கால் பங்கு. விமானம் கால் பங்கு உயரம் ஏறும், கால் பங்கு நேரம் நிற்கும். கையிலிருந்து 1.6 மீட்டர் சுமாருக்கு ஏறி இறங்கினால், முழு ரப்பரில் உங்கள் 8 மீட்டர் கூரையை ஒட்டிப் போய்வரும் என்று கணக்கு. நேரத்தை நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள். ரப்பரும் பிட்சும் பொருந்துகிறதா என்று ஒரு மாலையில் இருபது தடவை பார்த்துவிடலாம், கூரையின் உத்திரம் எதிலும் விமானம் சிக்காது. உத்திரத்தில் சிக்கிய விமானத்தை நீண்ட கழியால் குத்தி எடுப்பவர்கள் பெரும்பாலும் துண்டுகளைத்தான் எடுக்கிறார்கள். ஹீலியம் பலூனில் நூல் கட்டி, நூலை மெல்ல விமானத்தில் உரசவிட்டால் வந்துவிடும்.

நான் மேலே சொன்னதில் ரப்பர் விதி, எடை விதி, கால் மோட்டார் ஆகிய மூன்றிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. இறக்கையின் வளைவு விஷயம் அப்படியல்ல. இவ்வளவு மெதுவான வேகத்தில் தடித்த இறக்கையைவிட மெல்லிய வளைந்த தகடு போன்ற இறக்கையே மேல் என்பது உறுதி. அந்த வளைவின் உயரம் இறக்கையின் அகலத்தில் நாலு சதவீதமா, ஆறா, உச்சி எங்கே இருக்க வேண்டும் என்பதில் நல்ல போட்டிக்காரர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் ஐந்தில் நிற்கிறேன், அது பழக்கம்தான், நிரூபணம் அல்ல. ஈரப்பதமும் அப்படித்தான். பால்சா ஈரத்தை இழுத்து எடை கூடுவதைத் தராசில் பார்த்திருக்கிறேன், ஆனால் அது பறப்பு நேரத்தில் எவ்வளவு குறைத்தது என்று மற்றவற்றிலிருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. 30 மீட்டருக்கு மேற்பட்ட கூரையில் நான் போட்டியிட்டதும் இல்லை. அங்கே அந்த முதல் உச்சியை அவிழ்த்து எறியாமல் ஏற்றத்துக்கே பயன்படுத்துகிறார்கள், கணக்கே வேறு. உங்களுக்கு இப்போது அது தேவையும் இல்லை.

அடுத்த முறை அரங்குக்குப் போகும்போது 2 மி.மீ ரப்பரில் மூன்று வளையம், கால் மோட்டார் இரண்டு, ஒரு குறிப்பேடு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பறப்புக்கும் ரப்பரின் எடை, நீளம், ஏற்றிய சுற்று, அவிழ்த்த சுற்று, விடும்போது விசை, ஏறிய உயரம், நேரம், இறங்கும்போது மிஞ்சிய சுற்று என்று ஒரு வரி எழுதுங்கள். கடைசி எண்ணைத்தான் எல்லோரும் மறப்பார்கள். விமானம் தரையைத் தொட்டதும் ப்ரொபெல்லரைப் பிடித்துக்கொண்டு, மிஞ்சியதைக் கையால் எண்ணி அவிழ்த்தால் தெரிந்துவிடும். பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும், ப்ரொபெல்லரின் விட்டத்தையும் பிட்சையும் சேர்த்து இங்கேயே எழுதுங்கள். பிட்சை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன்.